அங்கவடியற்ற குதிரையும் பெயர் பொறித்த கல்லும்

சென்னை மாநகரில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அணித்தாக, தீவுத்திடலை ஒட்டிய பெருஞ்சாலையில், உயர்ந்த பீடமொன்றின்மீது வெண்கலக் குதிரை ஒன்று நிற்கின்றது. அதன்மேல் அமர்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. 1780இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சென்னைக்கு வந்து, ஐதர் அலியோடும் திப்புவோடும் நிகழ்ந்த போர்களில் ஈடுபட்டு, மராத்தியப் போரில் படைநடத்தி, 1820இல் சென்னை மாநில ஆளுநராக உயர்ந்தவர் அவர். இறந்தபின் பொதுநிதி திரட்டப்பட்டு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரியின் கைவண்ணத்தில் இச்சிலை உருவாகிக் கடல்கடந்து வந்தது. 1839ஆம் ஆண்டு முதல் வெயிலிலும் மழையிலும் அவ்விடத்தே நின்று வருகின்றது.

இச்சிலையைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் முதலில் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. குதிரைக்குச் சேணமும் இல்லை. ஏறுவோன் காலூன்றும் அங்கவடியும் இல்லை என்பதே அது. சிற்பி மறந்துவிட்டான் என்பர் சிலர். மறதியை எண்ணி நாணி உயிரைப் போக்கிக்கொண்டான் என்று கதையை நீட்டுவாரும் உளர். கதை சுவையானதுதான்; உண்மை அன்று. சாண்ட்ரி வடித்த குதிரைகள் மூன்று. இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னனைச் சுமப்பது ஒன்று. அதே நகரின் அரச வணிக மன்றத்தின் முன் வெல்லிங்டன் பிரபுவைச் சுமப்பது மற்றொன்று. 1841இல் சிற்பி இறந்தபின் அவர் பட்டறையினரால் முடிக்கப்பெற்று 1844இல் நிறுவப்பட்டது. மூன்றாவது சென்னையில் உள்ளது. இம்மூன்றில் எதிலும் அங்கவடி இல்லை. ஒரு முறை மறக்கலாம். மும்முறையும் ஒருவன் ஒன்றையே மறப்பானோ? உரோமப் பேரரசன் மார்க்கஸ் அரேலியசின் பழைய வெண்கலச் சிலையிலும் அங்கவடி இல்லை. அக்காலத்து உரோமர் அதனை அறியார். அப்பழமையின் பெருமிதத்தைத் தம் காலத்து மனிதருக்கு ஏற்றிக் காட்டவே சாண்ட்ரி சேணத்தைக் களைந்தார் என்பதே பொருந்தும்.

ஈண்டுத் தமிழ் மாணவன் கேட்கத்தக்க வினா வேறு. அங்கவடியின்றிக் குதிரை ஊர்ந்தவர் அனைவரும் பெருமிதம் உடையவரெனின், புறநானூற்றுக் குதிரை வீரர் எவருக்கு அப்பெருமிதம் இல்லை? இரும்பு அங்கவடி உலகில் பரவியது சங்க காலத்துக்குப் பின்னரே. புறப்பாடல்களில் குதிரையேறிப் பொருதவர் தம் தொடை வலியாலேயே குதிரையைப் பற்றிக்கொண்டவர். எந்தப் புலவரும் அதனை வியந்து பாடவில்லை. புலவர் வியந்தது வேறொன்றை.

பொன்முடியார் பாடிய 299ஆம் புறப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவன் ஒருவனின் குதிரை, உழுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது, நடை தளர்ந்தது. போர் என்று வந்தபோதோ, கடலைப் பிளந்து செல்லும் தோணியைப் போல் பகைவர் படையைப் பிளந்து சென்றது. எதிர்ப்புறத்துப் பெருவேந்தரின் குதிரைகளோ நெய் கலந்த உணவு உண்டவை; பிடரி மயிர் கத்தரித்து அழகு செய்யப்பட்டவை. அவை அஞ்சி ஒதுங்கி நின்றன. இந்தப் பாட்டுக்குத் துறை, குதிரை மறம். வீரனுக்கு மறம் கூறுவதுபோலக் குதிரைக்கும் தனியே ஒரு துறை வகுத்த இலக்கியம் நம்முடையது. அத்துறையில் குதிரையின் அழகு ஒரு பொருட்டன்று. அது உண்ட உணவும் செய்த வினையுமே பொருள்.

இவ்வளவைக் கையில் வைத்துக்கொண்டு சாண்ட்ரியின் குதிரையை நோக்கினால் அதன் குணமும் குறையும் ஒருங்கே விளங்கும். குணத்தை மறைக்க வேண்டியதில்லை. முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் பகட்டு இக்குதிரைக்கு இல்லை. நிலத்தில் ஊன்றி அமைதியாக நிற்கின்றது. மேலிருப்பவரும் வாளை ஓங்கவில்லை. வென்றவனின் ஆரவாரத்தைச் சிற்பி தவிர்த்திருக்கிறார். சீரங்கத்துக் கோயில் மண்டபத்தில் பாய்ந்தெழும் நாயக்கர் காலத்துக் கற்குதிரைகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவ்வடக்கம் ஒரு புதுமையே. ஆயின், அக்குதிரை எந்த வினையையும் சொல்லவில்லை. ஜார்ஜ் மன்னனைச் சுமந்த குதிரையே ஏறத்தாழ மன்றோவையும் சுமக்கின்றது, வெல்லிங்டனையும் சுமக்கின்றது. ஒருவர் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். ஒருவர் மன்னரென்ற பதவி ஒன்றால் மட்டுமே குதிரையேறியவர். ஒருவர் தமிழகத்துச் சிற்றூர்களில் நிலவரி கணக்கிட்டவர். மூவர்க்கும் ஒரே குதிரை பொருந்துமெனின், அச்சிலை போற்றுவது மனிதரை அன்று, பதவியையே என்று கொள்ள வேண்டியுள்ளது.

மன்றோவின் வாழ்வில் குதிரை சொல்ல இயலாதவை மிகுதி. 1822இல் ஆளுநராக இருந்தபோது, சென்னை மாநிலத்திலுள்ள நாட்டுப் பள்ளிகள் எத்தனை, பயில்வோர் எத்தனை பேர், என்ன நூல்கள் கற்பிக்கப்படுகின்றன என்று மாவட்டந்தோறும் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் தொகுத்த குறிப்பில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணவரும் இருந்ததாகக் கண்டது. ஆங்கிலேயர் வருமுன் இந்நாட்டில் கல்வியே இல்லை என்பார்க்கு அந்த எண்களே மறுமொழியாகி, 1983இல் தர்மபால் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்டன. திண்ணைப் பள்ளியின் வரலாற்றை எழுதப் புகும் எந்தத் தமிழாசிரியனும் இந்த ஆங்கிலேயரின் கணக்கைக் கடந்து போக முடியாது. இதனை வெண்கலத்தில் எவ்வாறு வடிப்பது? சிற்பியைக் குறை சொல்வதற்கில்லை. குதிரைச்சிலை என்னும் வடிவமே ஒரு பொருளை மட்டும் சொல்ல வல்லது.

அதே மன்றோதான், 1792 முதல் 1799 வரை பாரமகாலில் அலெக்சாண்டர் ரீடின் கீழ் பணியாற்றி, உழவனிடம் நேரே வரி விதிக்கும் ரயத்துவாரி முறைக்கு வித்திட்டவர்களுள் ஒருவர். இடைத்தரகரை நீக்கியதென்று அம்முறையைப் புகழ்ந்தோரும் உண்டு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் ரொக்கமாகக் கேட்டு உழவனை வட்டிக்காரனிடம் தள்ளியதென்று இகழ்ந்தோரும் உண்டு. இரு சாராரிடமும் சான்றுகள் இருக்கின்றன. சேலத்து மண்ணிலிருந்து பிற்காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியோர் பலர். அவர்கள் புறப்பட்டதற்குக் காரணங்கள் பல. அனைத்தையும் ஒரு மனிதர்மீது சுமத்துவது வரலாறு ஆகாது. ஆயினும் அசாம் ஜாவாவிலும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர் உழுத நிலத்தை, அக்குதிரைமேல் இருப்பவர் ஒரு காலத்தில் அளந்து வரி எழுதியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கத் தடையில்லை.

பாரமகாலில் இருந்த ஏழாண்டில் மன்றோ தங்கிய ஊர்களுள் ஒன்று தருமபுரி. தருமபுரி என்பது பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரமும் தமிழகத்திலேயே நடுகற்கள் மிகுந்த நிலப்பரப்பு. மன்றோ குதிரையேறி வரி பார்த்து வந்த வழிகளின் ஓரத்தில், வேலிக்குள்ளும் ஏரிக்கரையிலும் புதர்களிலும், வில்லேந்திய வீரர் கற்களில் நின்றுகொண்டிருந்தனர். பின்னாளில் தமக்கு ஒரு நினைவுச்சின்னம் எழும்பும் என்று அறியாத ஒருவர், நினைவுக் கற்களின் நாட்டிலேயே ஏழாண்டு வாழ்ந்திருக்கிறார். வரலாறு சில வேளைகளில் புலவரினும் நுட்பமாக உவமை அமைத்துவிடுகிறது.

நடுகல்லுக்கு இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதனைக் கொள்ளும் கால்கோள், நீராட்டும் நீர்ப்படை, நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்யும் பெரும்படை, வாழ்த்து என்று அறு நிலைகள். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்கு அந்நிலைகளின் பெயர்களையே பெரிதும் இட்டார். செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்ததையும், இலண்டனில் வார்த்த வெண்கலம் கடல்மேல் வந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். தொலைவிலிருந்து பொருளைக் கொணர்வது இரண்டிலும் பெருமையே. வேறுபாடு எங்குள்ளதெனின், நடுகல்லின் ஆறு நிலைகளில் நடுதல் நான்காவதே. அதற்குப் பின்னும் இரண்டு நிலைகள் உள. கல்லை நட்டவுடன் தொழில் முடியவில்லை. படைப்பதும் வாழ்த்துவதும் ஊராரின் தொழிலாகத் தொடரும். வெண்கலக் குதிரைக்கோ திறப்பு விழாவோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

நடுகல் பேசும் முறையும் வேறு. உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடிய 264ஆம் புறப்பாட்டில், கல்லுக்குச் செம்பூங் கண்ணியும் மயிற்பீலியும் சூட்டிப் பெயரும் பொறித்துவிட்டனர். அவன் இறந்ததை அறியாத பாணர் சுற்றம் இன்னும் பரிசில் நாடி வந்துகொண்டிருக்குமோ என்று புலவர் வருந்துகிறார். ஔவையார் பாடிய 232ஆம் பாட்டில், மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாத அதியமான், இன்று நடுகல்லின்முன் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்ற கேள்வி எழுகிறது. கல்லைப் போற்றும் பாட்டிலேயே கல்லால் ஈடுசெய்ய முடியாத இழப்பும் பேசப்படுகிறது. தன் போதாமையைத் தானே அறிந்த நினைவுச்சின்னம் அது. சாண்ட்ரியின் குதிரைக்கு அவ்வறிவு இல்லை.

நடுகல்லை வானளாவப் புகழ்ந்து விடுவதும் நேர்மையன்று. பல நடுகற்கள் ஆநிரை கவர்ந்தோர்க்கும் மீட்டோர்க்கும் எழுந்தவை. கவர்ந்தவன் வீரன் என்றால் இழந்த ஊரான் யார் என்று கேட்க இடமுண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த, தமிழி எழுத்துப் பொறித்த பழங்கல்லும் ஆநிரைப் பூசலையே குறிக்கின்றது. எனினும் அச்சிறு கல்லிலும் ஊரும் பேரும் வினையும் உண்டு. செங்கம் வட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில், வீரன் கருந்தேவகத்தியோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறது. அரசலாபுரத்தில் கோழிக்கும் கல் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய ஊரார், சென்னைக்கு வந்து அந்த வெண்கலக் குதிரையின் பெயரைக் கேட்டால் விடை சொல்வாரில்லை.

மன்றோவின் உடல் அக்குதிரையின் கீழ் இல்லை. 1827இல், பதவியை விட்டு ஊர் திரும்பும் நாளை எதிர்பார்த்திருந்த வேளையில், தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களைக் கடைசியாக ஒருமுறை காணச் சென்று, பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு ஜூலை 6ஆம் நாள் இறந்தார். குத்திக் கோட்டை மலையடிவாரத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். 1831இல் எச்சங்களை எடுத்துச் சென்னைக் கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயத்தில் வைத்தனர். இறந்தது ஓரிடம், புதைத்தது ஓரிடம், உறங்குவது ஓரிடம், குதிரையேறி நிற்பது ஓரிடம்.

உடலும் சிலையும் இவ்வாறு பிரிவது சென்னைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சு நகரத்து மெட்டேரி கல்லறைத் தோட்டத்தில், செயற்கை மண்மேடொன்றின் உச்சியில் தளபதி ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் வெண்கலக் குதிரைமேல் நிற்கின்றார். 1887இல் அலெக்சாண்டர் டாயில் வடித்தது. அடிமை முறையைக் காக்க எழுந்த தென்மாநிலக் கூட்டணியின் படைத்தலைவராக, 1862இல் ஷைலோ போர்க்களத்தில் குதிரைமீதே குண்டுபட்டுக் குருதி வடிந்து இறந்தவர். அவருடைய உடல் 1867இலேயே டெக்சாசு மாநிலத்துக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நின்றும் தம் கல்லறைமீது நில்லாத தளபதி அவர். அதே சிற்பியின் கையால் உருவாகி அதே நகரில் 1915 முதல் பொது இடத்தில் நின்ற தளபதி பியூரிகார்டின் குதிரைச்சிலை 2017இல் அகற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்துச் சிலை அகற்றப்படவில்லை. இடுகாட்டில் நிற்பதை இழவு என்று பொறுத்துக்கொள்ளும் மக்கள், நாற்சந்தியில் நிற்பதை ஆணை என்று கருதுகின்றனர் போலும். சென்னையிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1857 கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய நீலின் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து நீக்கக் கோரி 1927இல் இளைஞர்கள் அறப்போர் நடத்திச் சிறை சென்றனர். 1937இல் அச்சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மன்றோவின் சிலையோ நீக்கப்படவில்லை. குதிரையின் அழகு காத்ததோ, பள்ளிக் கணக்குக் காத்ததோ, அன்றிச் சென்னை மக்களின் பொதுவான பொறுமை காத்ததோ!

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் குதிரைச்சிலை ஏதுமில்லை. புக்கிட் மெலாவாத்தியில் சிலாங்கூரின் முதல் சுல்தான்களின் கல்லறைகளும் பழம்பீரங்கிகளும் உள. 1784இல் டச்சுக்காரர் கைப்பற்றிய அக்கோட்டையை மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டார். அங்கும் உருவச்சிலை இல்லை. இசுலாமிய மரபு அதனை விரும்புவதில்லை. தோட்டங்களில் குதிரை உண்டெனில், முனீசுவரர் கோயில் வாயிலில் சிமெண்டால் செய்து வண்ணம் பூசிய குதிரைதான். அதன் முதுகு பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். ஏறுபவர் இரவில் வருவார் என்பது நம்பிக்கை.

இந்தத் தோட்டங்களின் மக்களுக்கு நினைவுக்கல் இல்லாது போன ஒரு சாவு உண்டு. 1942, 43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில்பாதை அமைத்தபோது, மலாயாவிலிருந்து 75,000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். இரயில்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் உள்ளது. ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலோர்க்குப் பெயரும் படைப்பிரிவும் நாளும் பொறித்த தகட்டோடு, வரிசையாக உறங்குகின்றனர். அவ்வரிசையின் ஒழுங்கு மனத்தைத் தொடுவது. தளபதிக்குக் குதிரை, சிப்பாய்க்கு ஒன்றுமில்லை என்றிருந்த சாண்ட்ரியின் காலத்தைவிட ஐரோப்பியர் வெகுதூரம் நடந்து வந்துவிட்டனர் என்பதை அத்தகடுகள் காட்டுகின்றன. தமிழ்த் தொழிலாளிக்கோ தகடும் இல்லை, தனிக்குழியும் இல்லை.

2023ஆம் ஆண்டில், மலேசியத் தமிழர் முயற்சியால், காஞ்சனபுரியின் தவோர்ன் வராராம் பௌத்த ஆலயத்தில் அம்மக்களுக்கென ஒரு நினைவுக்கல் எழுந்தது. அதற்கு அவர்கள் தேர்ந்த பெயர் நடுகல். குதிரையோ தூணோ வெற்றி வளைவோ அன்று, நடுகல். பொருத்தமான தேர்வு என்பதில் ஐயமில்லை. எனினும் திறனாய்வுக்கு ஒரு சிக்கல் எஞ்சுகின்றது. நடுகல்லின் உயிர், பெயரும் ஊரும் வினையும். எடுத்தனூர்க் கல் நாயின் பெயரையும் விடவில்லை. பல்லாயிரவர்க்கு ஒரு கல். பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின. பெயர் பொறிக்க முடியாத நடுகல்லை நடுகல் என்பது தகுமா?

விடையை இலக்கணத்தில் தேடினால் கிடைக்காது, இலக்கியத்தில் கிடைக்கிறது. எருமை வெளியனார் பாடிய 273ஆம் புறப்பாட்டும் குதிரை மறமே. போர் முடிந்தது. எல்லாருடைய குதிரைகளும் திரும்பி வந்துவிட்டன. ஒரு வீட்டுக்கு உரிய குதிரை மட்டும் வரவில்லை. பெண்ணொருத்தி வாயிலில் நின்று, வரவில்லை, வரவில்லை என்கிறாள். இரண்டு பெரிய ஆறுகள் கூடுமிடத்தில் குறுக்கே நின்ற பெருமரம் போல அவன் குதிரை வீழ்ந்துவிட்டதோ என்று அஞ்சுகிறாள். பாட்டு முழுவதிலும் அவ்வீரனின் பெயர் இல்லை, ஊரில்லை, அரசன் பெயரும் இல்லை. சிறுகுடுமி வைத்த புதல்வனைத் தந்தவன் என்பது ஒன்றுதான் அவனைப் பற்றி நாம் அறிவது. இன்னாரின் மகன் என்று சொல்லாமல், இச்சிறுவனின் தந்தை என்று சொல்கிறாள். உயிரோடிருக்கும் பிள்ளையைக் கொண்டு இறந்தவன் அறியப்படுகிறான். பெயர் இழந்தவனை உறவு காத்துக்கொள்கிறது.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்க்கு இப்பாட்டைக் கற்பிக்கும்போது, திணை தும்பை, துறை குதிரை மறம் என்று எழுதிப்போட்டு மேலே செல்வது வழக்கமாகிவிட்டது. அங்கே சற்று நிற்கலாம். தோட்டங்களில் முதியோர், இறந்த ஒருவரைப் பற்றிப் பேசும்போது கையாளும் சொல்வழக்கு ஒன்றுண்டு: மாரியின் அப்பா சயாமுக்குப் போனவர், முனியம்மாவின் அண்ணன் சயாமுக்குப் போனவர். இறந்தார் என்று சொல்வதில்லை. போனார் என்றே சொல்வர். போனவரின் பெயர் பேரனுக்குத் தெரியாதிருக்கலாம். யாருடைய அப்பா என்பது தெரியும். எருமை வெளியனார் காட்டும் பெண்ணும் இதே இலக்கணத்தில்தான் பேசினாள். காஞ்சனபுரியில் நட்ட கல்லில் இனி எழுதத்தக்க வரிகள் அவ்வாறு அமையலாம்: இன்ன தோட்டத்து இன்னாரின் தந்தை, இன்னாரின் தமையன். அவ்வரிகளைச் சொல்லக்கூடியவர் வட சிலாங்கூரில் இன்னும் சிலர் உளர். அவர்களுள் இளையோர்க்கே எண்பது வயது கடந்துவிட்டது.